முன்னாடி என்ன நடந்தது, அப்புறம் என்ன நடந்தது?

காரைக்குடிப் பக்கம் மனநல மருத்துவம் பார்ப்பவருக்கு வீட்டுப் பங்குத் தகராறு தெரியாமல் இருக்க முடியாது. தூக்கமில்லை, படபடப்பு, சாப்பாடு இறங்கவில்லை என்றுதான் வருவார்கள். கொஞ்ச நேரம் பேசினால் பூர்வீக வீடு வந்துவிடும். ஒரே வீட்டுக்கு ஏகப்பட்ட பங்காளிகள். பாதிப் பேர் சென்னையில், மீதிப் பேர் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அமெரிக்காவிலும். விற்க வேண்டுமென்றால் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். யாராவது ஒருவர் போட மாட்டேன் என்பார். ஏன் என்று மற்றவர்களைக் கேட்டால் பதில் தயாராக இருக்கும்: “ஆசைதான் டாக்டர். இன்னும் கூட வருமான்னு பாக்குறாங்க.”

நான் பார்த்த வரையில் அந்தப் பதில் பெரும்பாலும் தப்பு.

ஒரு ஆச்சியைச் சொல்கிறேன். (இந்தக் கட்டுரையில் வருகிற யாரும் ஒரே ஆள் இல்லை. பலரைக் கலந்து, அடையாளம் தெரியாதபடி மாற்றி எழுதியிருக்கிறேன்.) எழுபத்தைந்து தாண்டியவர். கணவர் இல்லை. முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரைக்கும் அவ்வளவு பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார். துணைக்கு ஒரு வேலைக்காரம்மா. கையெழுத்துப் போட மறுக்கிறார், யாரையும் நம்புவதில்லை, புத்தி தடுமாறிவிட்டதா பாருங்கள் என்று மகன் கூட்டி வந்தார். பார்த்தேன். நினைவு தெளிவாக இருந்தது. சந்தேக நோய்க்கான அறிகுறியும் இல்லை. ஏன் ஆச்சி விற்க வேண்டாம் என்கிறீர்கள் என்று கேட்டதற்கு, “பர்மாவுல சம்பாதிச்சுக் கட்டின வீடு. தூணையெல்லாம் முனீஸ்வரன் கோயில் தெருவுல கொண்டுபோய் நிறுத்தணுமா?” என்றார். (இடித்த வீட்டுப் பழம்பொருள்கள் விலைக்குப் போகிற காரைக்குடிக் கடைத்தெரு அது.) நல்ல காரணம்தான். ஆனால் இதே ஆச்சி, பக்கத்து ஊரில் இருந்த இன்னொரு பங்கை முன்னால் நின்று விற்றுக் கொடுத்தவர்.

அதனால் ‘ஏன்’ என்று கேட்பதை விட்டுவிட்டேன். மாட்டேன் என்று சொன்ன பிறகு என்ன நடக்கும் என்று கேட்டேன். போன் வருமாம். மகன் தினமும் பேசுவார். சிங்கப்பூர் மருமகள் வீடியோவில் வருவார். பத்து வருஷமாகப் பேசாத கொழுந்தன் மகன்கூட “சாப்பிட்டீங்களா?” என்று ஆரம்பிப்பாராம். அதற்கு முன்னால்? தீபாவளி, பொங்கல், அவ்வளவுதான். சொல்லிக்கொண்டே வந்தவர் கொஞ்சம் நிறுத்திவிட்டு, “வித்தாச்சுன்னா அப்புறம் என்னையத் தேட ஆருக்குப்பா வேலை இருக்கு?” என்றார்.

இதைச் சொன்னபோது அது அவருக்கே புதுசாக இருந்தது. திட்டம் போட்டு எதையும் செய்தவர் இல்லை அவர். மறுத்தால் போன் வருகிறது, போன் வந்தால் மனசு நிறைகிறது, அதனால் மறுப்பு தொடர்கிறது. அவ்வளவுதான் நடந்தது. பணத்தாசை என்று முத்திரை குத்திய பிள்ளைகள் விலையை ஏற்றிக்கொண்டே போனார்கள். அது வேலைக்கு ஆகவில்லை, ஆகவும் ஆகாது. வீட்டுப் பேச்சே எடுக்காமல் தினமும் ராத்திரி ஒரு போன் செய்யுங்கள் என்று மகனிடம் சொன்னேன். கையெழுத்துப் போட்டாரா என்று கேட்பீர்கள். இன்னும் போடவில்லை. தூக்கம் வருகிறது, சாப்பிடுகிறார். என் வேலை அதுவரைக்கும்தான்.

தான் செய்வதற்கான காரணம் தனக்கே தெரியாமல் இருக்குமா என்று பலர் நம்ப மறுப்பார்கள். அமெரிக்காவில் 1970களில் மைக்கேல் கசானிகாவும் அவரோடு இருந்தவர்களும் செய்த சோதனை ஒன்று உண்டு. கடுமையான வலிப்புக்காக மூளையின் இரண்டு பாதிகளையும் இணைக்கிற நரம்புப் பாலத்தை அறுத்துச் சிகிச்சை பெற்ற ஒருவர். அவருடைய இடது மூளைக்கு மட்டும் கோழிக்கால் படத்தைக் காட்டினார்கள். வலது மூளைக்கு மட்டும் பனி மூடிய வீட்டை. பொருத்தமான படத்தை எடுக்கச் சொன்னபோது ஒரு கை கோழியை எடுத்தது, இன்னொரு கை பனி அள்ளுகிற மண்வாரியை எடுத்தது. மண்வாரி எதற்கு என்று கேட்டார்கள். பேசுவது இடது மூளை; அது பனியைப் பார்க்கவே இல்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவரோ கொஞ்சமும் தயங்காமல், கோழிக்கூட்டைச் சுத்தம் செய்ய மண்வாரி வேண்டுமே என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நடந்த செயலுக்கு மூளை ஒரு கதையைக் கட்டித் தந்தது, அதை அவரும் நம்பினார். பாலம் அறுபடாத நமக்கும் இந்தப் பழக்கம் உண்டு.

அடுத்தவர் விஷயத்தில் இன்னும் மோசம். நாம் தாமதமாக வந்தால் கீழச்சீவல்பட்டி பஸ் வரவில்லை என்போம். மருமகள் தாமதமாக வந்தால் அவள் குணமே அப்படி என்போம். இந்தச் சாய்வுக்கு 1977இல் லீ ராஸ் என்ற உளவியலாளர் பெயர் வைத்துவிட்டார். பெயர் வைத்ததால் யாரும் திருந்தவில்லை.

சில சமயம் நோக்கம் என்ற ஒன்றே இருக்காது, உடம்பு மட்டும்தான் இருக்கும். இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குடும்பங்கள் வருஷக்கணக்கில் வீணாக்குவது இதில்தான். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிற ஒருவர் சாயந்திரமானால் மட்டும் எரிந்து விழுகிறார் என்றால், அவர் மதியம் எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்று முதலில் பாருங்கள். சர்க்கரை 70க்குக் கீழே இறங்கும்போது எரிச்சல், வியர்வை, நடுக்கம் எல்லாம் சேர்ந்து வரும். பிள்ளை பெற்ற பிறகு எந்நேரமும் படுத்தே கிடக்கிறாள் என்று ஏச்சு வாங்கிய பெண்களில் சிலருக்குத் தைராய்டு குறைவு இருந்தது. இன்னும் சிலருக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு. வாழ்நாளெல்லாம் கணக்காக இருந்த மனிதர் ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் கடையில் காசு கொடுக்காமல் மிட்டாய் எடுத்து வாயில் போடுகிறார், துக்க வீட்டில் சிரிக்கிறார். கொழுப்பு ஏறிவிட்டது என்பார்கள். மூளையின் முன்பகுதி சுருங்கும் ஒருவகை டிமென்ஷியா இப்படித்தான் ஆரம்பிக்கும். மறதி பிறகுதான் வரும். அவரிடம் போய் ‘ஏன் இப்படிச் செய்கிறாய்’ என்று கேட்டு என்ன பயன்?

குடியில் வேறொரு சிக்கல். தொடங்கிய காரணமும் தொடர்கிற காரணமும் ஒன்றாக இருக்காது. கூட்டாளிகளோடு ஆரம்பித்திருப்பார், தொழில் நஷ்டத்தில் கூடியிருக்கும். இன்றைக்குக் காலையில் எழுந்ததும் குடிப்பது கை நடுக்கம் நிற்பதற்காக. அவரிடம் நஷ்டத்தைப் பற்றிப் புத்தி சொல்வது வீண். கோயிலில் சத்தியம் வாங்கிக்கொண்டு ஒரே நாளில் நிறுத்த வைப்பது அதைவிட ஆபத்து; தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அடுத்து சித்தப்பிரமையும் வரலாம். உயிருக்கே ஆபத்தான நிலை அது. மருத்துவமனையில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

அப்புறம் கோபம். கோபமாக வருகிற ஆண்களிடம் நான் தேடுவது அதற்கு ஒரு நொடி முன்னால் வந்துபோன உணர்ச்சியை. சாந்தி விசேஷத்துக்கு (அறுபது, எண்பது நிறைவில் செய்கிற கல்யாணம்) நேரில் வந்து அழைக்காமல் வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பினார்கள் என்று அண்ணன் வீட்டோடு பேச்சை முறித்துக்கொண்டார் ஒருவர். மரியாதை போச்சு என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. அந்தப் பத்திரிகையைப் பார்த்ததும் முதலில் என்ன தோன்றியது என்று கேட்டேன். வெகுநேரம் பதில் இல்லை. பிறகு, “எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சுன்னு நெனச்சேன்” என்றார். மலேசியாவில் கடை நஷ்டமாகி ஊர் திரும்பியதை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. முதலில் வந்தது அவமானம். அதைத் தாங்க முடியாமல்தான் கோபம். கோபத்தில் இருக்கும்போது ஆள் பெரிதாகத் தெரிவார், அவமானத்தில் சுருங்கிப் போவார். எது சுலபமோ அதை மனசு எடுத்துக்கொள்ளும். விசாரித்தால், அண்ணன் எல்லோருக்குமே வாட்ஸ்அப்பில்தான் அனுப்பியிருந்தார். முழங்கால் வலி.

இதைப் படித்துவிட்டு வீட்டில் உள்ளவர்களின் உள்நோக்கத்தைத் துப்பறிய ஆரம்பிக்காதீர்கள். “உனக்கு உண்மையில் பயம், அதான் கத்துறே” என்று மனைவி சொன்னால் எந்தக் கணவரும் ஒத்துக்கொள்ளமாட்டார், அது உண்மையாகவே இருந்தாலும். ‘ஏன்’ என்ற கேள்வி விசாரணை மாதிரி ஒலிக்கும், பதிலும் வாக்குமூலம் மாதிரிதான் வரும். அப்போது என்ன நடந்தது, அப்புறம் என்ன ஆச்சு என்று கேளுங்கள், போதும்.

ஒருவரின் நடத்தை சில வாரங்களில் சட்டென்று மாறினாலோ, தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ காரணத்தை ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம், கூட்டி வாருங்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. வரும்போது ஒரு தாளில் எந்த நேரத்தில், எதற்குப் பிறகு அப்படி நடந்துகொள்கிறார், அதன் பிறகு வீட்டில் யார் என்ன செய்தார்கள் என்று ஒரு வாரத்துக்குக் குறித்து எடுத்து வாருங்கள். சாவைப் பற்றிய பேச்சு என்றால் குறிப்பெல்லாம் வேண்டாம், அன்றைக்கே வாருங்கள். சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளும் கையில் இருக்கட்டும்.