வெயில் முற்றுமுன் எர்த் குழிக்கு ஒரு குடம் தண்ணீர்

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். எங்கள் திருச்சியில் அந்த மாசிப்பனி விலகுமுன்பே பகல் வெயில் உறைக்கத் தொடங்கிவிடும். பரணிலிருந்து ஏர்கூலர் இறங்கும். ஏ.சி.க்குச் சர்வீஸ் ஆள் வருவார். முற்றத்துச் செடிகளுக்கு இனி இரண்டு வேளையும் தண்ணீர் விட வேண்டும் என்று வீட்டில் பேச்சு நடக்கும். 25 ஆண்டுகளுக்கு மேலாக வயர்மேனாக இருக்கிறேன். கசிகிற மின்சாரம் மண்ணில் இறங்குவதற்காகக் குழாய் புதைத்து எர்த் கம்பியை இணைத்திருக்கும் இடம்தான் எர்த் குழி. இந்தக் கோடை ஏற்பாடுகளில் அதை நினைத்துப் பார்த்த வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

சென்ற பங்குனியில் திருவானைக்காவலில் ஒரு பழைய வீட்டுக்குப் போனேன். “கூலரைத் தொட்டால் லேசாகச் சுரீரென்கிறது தம்பி. செருப்புப் போட்டுக்கொண்டால் ஒன்றும் தெரிவதில்லை” என்றார் அந்த வீட்டு அம்மா. இரும்புத் தகட்டால் ஆன கூலர். பரணில் கிடந்த மாதங்களில் எலி கடித்த வயர், பம்புக்குப் பக்கத்தில் செம்பு தெரிய, ஈரத் தகட்டில் உரசிக்கொண்டிருந்தது. மீட்டர் பெட்டியைப் பார்த்தேன். மின்சாரம் கசிந்தால் தானாகவே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்க வேண்டிய இடத்தில் வயரை நேராக இணைத்திருந்தார்கள். “அது அடிக்கடி விழுந்துகொண்டே இருந்தது. அதனால் எடுத்துவிடச் சொன்னோம்” என்றார். ஏன் விழுந்தது என்று எவரும் தேடவில்லை. நான் தேடியபோது அகப்பட்டது தோட்ட விளக்கு. மூடி உடைந்து, ஹோல்டருக்குள் மழைநீர் இறங்கிப் பச்சை பூத்திருந்தது.

மெயினை அணைத்துவிட்டு எர்த் குழியைத் தேடினேன். அது செம்பருத்தித் தொட்டிகளுக்கு அடியில் இருந்தது. சிமெண்ட் மூடியை நகர்த்தினால், உள்ளே மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. குழாயோடு கம்பியை முறுக்கியிருந்த நட்டு துருவேறிப் போயிருந்தது. தொட்டதும் கம்பி கையோடு வந்துவிட்டது.

எர்த் கம்பி முடிவது மண்ணில்தான். மண்ணில் ஈரம் இருந்தால் கசிகிற மின்சாரம் எளிதாக இறங்கும்; காய்ந்தால் மண் அதைத் தடுக்கும். இந்தத் தடையின் அளவுதான் ஓம்; குறைவாக இருந்தால் நல்லது. கார்த்திகையில் 4 ஓம் காட்டிய குழி சித்திரையில் 40 ஓம் காட்டுவதை என் எர்த் டெஸ்டரில் பார்த்திருக்கிறேன். அப்போது கூலருக்குள் வயர் தகட்டில் உரசினால் என்ன நடக்கும்? 230 வோல்ட்டை 40 ஓமால் வகுத்தால் 6 ஆம்பியருக்கும் குறைவு. 16 ஆம்பியர் ஃபியூஸ் இதற்குப் போகாது. கூலர் பெட்டி முழுவதும் மின்சாரம் நின்றுகொண்டிருக்கும். கூலர் பாட்டுக்குக் காற்றடித்துக்கொண்டிருக்கும்.

ஆகவே மாசியிலேயே குழியின் மூடியைத் திறந்து பாருங்கள். கம்பி இணைப்பைச் சுத்தம் செய்து முறுக்கித் தரும்படி உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள், ஓம் அளவையும் எடுக்கச் சொல்லுங்கள். வீடுகளில் 5 ஓமுக்குள் இருந்தால்தான் எனக்கு நிம்மதி. பிறகு கோடை முடியும் வரை வாரம் இரண்டு முறை ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் போதும். காவிரிக்கரை மணலில் ஈரம் நிற்காது. அங்கே இன்னும் ஒரு முறை கூடுதலாக ஊற்றுவது நல்லது. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைக் குழாய் போட்டுக் குழிக்கே விட்டால் குடம் தூக்கும் வேலையும் மிச்சம். ஆனால் எர்த் நன்றாக இறங்கட்டும் என்று ஆண்டுதோறும் குழியில் உப்பைக் கொட்டாதீர்கள். பக்கத்தில் நிற்கும் மல்லிகையும் கறிவேப்பிலையும் கருகிவிடும், குழாயும் சீக்கிரம் அரித்துப்போகும்.

ஆர்.சி.சி.பி.யில் ‘டி’ என்று ஒரு சிறு பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அழுத்துங்கள்; உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அதை மாற்றியே ஆக வேண்டும். வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுகிற ரகம்தான் வேண்டும். ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பு இழுப்பதே அதைவிடக் கூடுதல். அவ்வளவு சிறிய கசிவும் இதயத்தின் வழியாகப் போனால் உயிருக்கு ஆபத்து. இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள்: பொத்தான் வேலை செய்கிறது என்பதற்காக எர்த் சரியாக இருக்கிறது என்று பொருளில்லை. எர்த் இல்லாத வீட்டில் கசிவு மண்ணுக்குப் போக வழியிருக்காது. யாராவது தொட்ட பிறகு, அவர் உடல் வழியாகப் பாய்ந்தபின்தான் ஆர்.சி.சி.பி. விழும்.

முற்றத்துக்கு வருவோம். பொங்கலுக்குச் செடிகளில் சுற்றிய சீரியல் விளக்குகளை இன்னும் அவிழ்க்காத வீடுகள் நிறைய. வெயிலில் அந்த மெல்லிய வயரின் உறை வெடிக்கும். மாலையில் நீங்கள் ஹோஸைப் பிடித்துத் தண்ணீர் அடிப்பதும் அதே செடிக்குத்தான். அவிழ்த்துவிடுங்கள். துணி காயப்போடும் கொடிக்கம்பியை விளக்குக் கம்பத்திலோ வயர் போகும் குழாயிலோ கட்டியிருந்தால் இன்றே மாற்றுங்கள். இரும்புக் கம்பிக்குப் பதிலாக நைலான் கயிறு கட்டுங்கள். இந்தக் கொடிக்கம்பியால் துணி உலர்த்தப் போன பெண்கள் இறந்த வீடுகளுக்குப் பிறகு வேலைக்குப் போயிருக்கிறேன். அந்த முற்றங்களில் நிற்கவே முடியாது.

முருங்கை லேசான காற்றுக்கே முறியும் மரம். கோடை மழைக்கு முன்னால் வரும் சூறைக்காற்றில் கிளை, மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர் மேல் விழும். வயரை ஒட்டி வளர்ந்த கிளையை நீங்களே வெட்டாதீர்கள். மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி, மின்சாரத்தை நிறுத்தச் செய்து வெட்டுங்கள். காய் பறிக்க இரும்புத் துரட்டி வேண்டவே வேண்டாம். கம்பி பக்கத்தில் போகிறது என்றால் மூங்கில் துரட்டியும் வேண்டாம்.

ஏ.சி.க்குத் தனி லைன், ஒன்றரை டன்னுக்கு 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர் என்பது பலருக்கும் தெரியும். மூன்று பின் பிளக்கில் பெரிய பின்னை ஒடித்துவிட்டு இரண்டு பின் துளையில் செருகும் பழக்கம்தான் இன்னும் போகவில்லை. அந்தப் பெரிய பின்தான் எர்த். அது இல்லாமல் குழிக்கு எத்தனை குடம் ஊற்றினாலும் கூலருக்கு ஒரு பயனும் இல்லை.

திருவானைக்காவல் அம்மா சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்திருந்தார். “டி பொத்தானை அழுத்தினேன், விழுந்துவிட்டது. குழியில் மண் ஈரமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போ” என்றார். டெஸ்டரை எடுத்துக்கொண்டு போனேன்; 3 ஓம் காட்டியது.