அச்சு முறுக்கு: சூடு சொல்லும் கணக்கு

அச்சு முறுக்கு சுட ஒருத்தி போதாது. தீபாவளி நெருங்கினால் சிங்கப்பூரின் யீஷூனிலோ உட்லண்ட்ஸிலோ ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் பாட்டி, பெரியம்மா, மருமகள், பேத்தி என்று நாலைந்து பேர் நெருக்கியடித்து நிற்பார்கள். அதற்குப் பாசம் மட்டும் காரணமில்லை. சூடான அச்சு எண்ணெய்க்கும் மாவுக்கும் இடையே ஓயாமல் போய்வர வேண்டும். ஒருவர் அச்சைப் பிடிக்கும்போது இன்னொருவர் வெந்ததைத் திருப்பி எடுக்காவிட்டால் சட்டியில் இருப்பது கருகிவிடும்.

அரிசி மாவு, தேங்காய்ப்பால், சர்க்கரை, முட்டை எல்லாம் சேர்ந்த கரைசல் அது. காய்ந்த அச்சு அதைத் தொட்டதும் ‘சுர்’ரென்று ஒரு சத்தம் வரும். அந்தக் கணத்தில் அச்சை ஒட்டிய மெல்லிய படலத்தில் அரிசியின் மாவுச்சத்து நீரை உறிஞ்சிக் கூழாகிறது, முட்டையின் புரதம் இறுகுகிறது. இரண்டுக்கும் 60, 70 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடு இருந்தாலே போதும். அச்சு ஆறிப்போயிருந்தால் படலம் உருவாகாமல் மாவு வழிந்துவிடும். அளவுக்கு மீறிக் காய்ந்திருந்தால் தொட்ட இடத்திலேயே நீர் ஆவியாகி மாவைத் தள்ளிவிடும். “அச்சு காஞ்சிருச்சா பாரு” என்று அத்தை அதட்டுவது இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள குறுகிய இடைவெளிக்காகத்தான்.

அச்சின் மேல் விளிம்பு வரை மாவில் முக்கக் கூடாது என்பது அடுத்த கட்டளை. மேலே மாவு ஏறிவிட்டால் பூ (பூ வடிவில் வரும் முறுக்கு) அச்சைக் கவ்விக்கொள்ளும், உதறினாலும் கழலாது. பாட்டியின் பழைய பித்தளை அச்சை எல்லோரும் கேட்பதிலும் நியாயம் உண்டு. அதே பருமனுள்ள அலுமினிய அச்சைவிட அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வெப்பத்தைச் சேர்த்துவைக்கும். குளிர்ந்த மாவில் இறங்கும்போது சட்டென்று ஆறிவிடாது.

எண்ணெய்க்குள் போனபிறகு வேலை முழுக்கக் காதுக்கு. எண்ணெய் 170 டிகிரியில் காய்ந்தாலும், ஈரம் இருக்கும்வரை மாவின் சூடு 100ஐ ஒட்டியே நிற்கும். ஒரு கிராம் நீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப்போல் ஏழு மடங்குக்கும் மேல் அதை ஆவியாக்கவே செலவாகிவிடுகிறது. சலசலப்பு என்பது அந்த ஆவி வெளியேறும் ஓசை. அது அடங்கும்போது நீர் தீர்ந்துவருகிறது என்று பொருள். அதன்பின் சூடு மளமளவென ஏறும், சர்க்கரையும் புரதமும் சேர்ந்து பொன்னிறமாகும். “சத்தம் அடங்கட்டும்டி, அப்புறம் எடு” என்பதைவிட நல்ல ஈரமானி எந்தக் கடையிலும் கிடையாது. புதுசாக வாங்கிய வெப்பமானியோடு வரும் மகள்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அது எண்ணெயின் சூட்டைத்தான் சொல்லும், அச்சினுடையதை அல்ல.

இதையெல்லாம் எழுதிக் கொடுங்கள் என்றால் பாட்டி “கண்ணளவுதான்மா” என்று முடித்துவிடுவார். ஒளித்துவைக்கிறார் என்று நினைக்க வேண்டாம். கைப்பழக்கம் மூளையில் வேறொரு வழியில் சேமிக்கப்படுகிறது. 1953இல் வலிப்புக்காக மூளையில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கரால் அதன்பின் புதிய நிகழ்ச்சிகளை நினைவில் நிறுத்த முடியவில்லை. கனடாவில் பணியாற்றிய உளவியலாளர் பிரெண்டா மில்னர், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியை அவருக்குக் கொடுத்தார். நாளுக்கு நாள் கோடு நேர்த்தியானது. முன்பு வரைந்தோம் என்பதே மொலேசனுக்கு நினைவில்லை. 1962இல் மில்னர் வெளியிட்ட இந்த முடிவு, ‘தெரியும்’ என்பதும் ‘செய்ய வரும்’ என்பதும் வேறுவேறு நினைவுகள் என்று காட்டியது. சொல்ல வராதது செய்ய வரும். அதனால்தான் பேத்தி குறிப்பேட்டோடு எட்ட நிற்பதைவிட, கைப்பிடியை வாங்கி நாலு பூவைக் கெடுப்பது பயனுள்ளது. தப்பு நடந்த நொடியிலேயே பக்கத்தில் நிற்பவர் காரணத்தைச் சொல்லிவிடுவார்.

(சீனப் புத்தாண்டுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் அண்டை வீடுகளில் இதுவே ‘குவே லோயாங்’. அச்சு இரவல் போய்வருவதும் உண்டு.)

சிறுசுகளுக்குக் கிடைப்பது டின்னில் அடுக்கும் வேலை. அதிலும் பக்குவம் இருக்கிறது. எண்ணெயிலிருந்து எடுத்தவுடன் பூ வளையும், ஆறியதும்தான் சர்க்கரையும் மாவுச்சத்தும் கண்ணாடிபோல் இறுகி நொறுங்கும் தன்மை பெறும். அந்த இறுக்கத்தைக் குலைக்கக் கொஞ்சம் நீர் போதும். சிங்கப்பூர்க் காற்றில் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல், தீபாவளியோ மழைக்காலத்தை ஒட்டி வருகிறது. திறந்து வைத்தால் நமுத்துவிடும். சூட்டோடு மூடினாலும் ஆவி உள்ளேயே தங்கி நமுத்துவிடும். முழுக்க ஆறியதும் உடனே இறுக்கி மூட வேண்டும். நமுத்துப்போனதை ‘ஓவன்’ அடுப்பில் குறைந்த சூட்டில் சில நிமிடம் வைத்து ஆறவிட்டால் பழைய மொறுமொறுப்பு வரும். ஏற்கெனவே சிவந்த பண்டம், ஆகவே பக்கத்திலேயே நில்லுங்கள்.