ஜாகிங்கா ஓட்டமா? பாதத்தைக் கேளுங்கள்

"தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறேன். ஆனால் என் தம்பி, 'இதெல்லாம் ஓட்டமே இல்லை, வெறும் ஜாகிங்' என்று கிண்டல் செய்கிறான். அறிவியல்படி யார் சொல்வது சரி?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அண்ணன் தம்பி விவகாரத்தில் தலையிடுவது எனக்குப் பிடிக்காது, ஆனால் இதில் தீர்ப்பு எளிது. ஜாகிங்கும் ஓட்டம்தான். மணிக்கு 10 கி.மீ.க்குக் கீழே என்றால் ஜாகிங், மேலே போனால் ஓட்டம் என்று சிலர் கோடு போடுவார்கள். அந்த வேகத்தைத் தாண்டும்போது உடம்புக்குள் புதிதாக எதுவும் நடந்துவிடுவதில்லை, நினைவில் வைத்துக்கொள்ள வசதியான எண், அவ்வளவுதான்.

உண்மையான கோடு நடைக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் கிடக்கிறது. நடக்கும்போது ஏதாவது ஒரு பாதம் எப்போதும் தரையில் இருக்கும், ஊன்றிய கால் ஏறக்குறைய நேராக நிற்க, அதன் மேல் உடம்பு ஒரு வளைவில் ஏறி இறங்கும். தலைகீழாக நிறுத்திய ஊசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டப்பாதையில் போகும் எதையும் மையத்தை நோக்கி இழுத்துப் பிடிக்க ஒரு விசை வேண்டும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள், இங்கே மையம் பாதம், இழுப்பது புவியீர்ப்பு. வேகம் கூடக்கூட அந்த இழுப்பு போதாமல் போய்விடும். 90 செ.மீ. நீளமுள்ள காலுக்குக் கணக்குப் போட்டால் வரம்பு வினாடிக்குச் சுமார் 3 மீட்டர். ஆனால் நாம் அதுவரை பொறுப்பதில்லை, 2 மீட்டர் வாக்கிலேயே, அதாவது மணிக்கு 7 கி.மீ. சொச்சத்திலேயே, கால் தானாக ஓட ஆரம்பித்துவிடும். நிலவில் ஈர்ப்பு ஆறில் ஒரு பங்குதான் என்பதால் அங்கே இந்த வரம்பு 1.2 மீட்டருக்கு இறங்கிவிடுகிறது. அப்போலோ வீரர்கள் துள்ளித் துள்ளிப் போனதற்கு அந்தக் கனத்த உடையோடு இதுவும் ஒரு காரணம்.

சரி, ஓட்டத்துக்கு மாறியதும் என்ன ஆகிறது? ஊசல் போய் ஸ்பிரிங் வந்துவிடுகிறது. நடையில் உடம்பு காலுக்கு நேர் மேலே வரும்போது மிக உயரத்தில் இருக்கும், ஓட்டத்தில் அதே கணத்தில் மிகத் தாழ்ந்திருக்கும். முழங்கால் மடங்க, கணுக்கால் மடங்க, கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் குதிநாண் ரப்பர் பட்டை மாதிரி இழுபட்டு, அடுத்த நொடியின் ஒரு துண்டுக்குள் சுருங்கி உங்களை மேலே தள்ளிவிடும். பிரிட்டனில் மக்னீல் அலெக்சாண்டரின் குழு 1987இல் இதை அளந்து பார்த்தது, அதுவும் எப்படி என்றால், மருத்துவக் காரணங்களுக்காக நீக்கப்பட்ட மனிதப் பாதங்களை இயந்திரத்தில் வைத்து அமுக்கி! 70 கிலோ எடையுள்ள ஒருவர் வினாடிக்கு 4.5 மீட்டர் வேகத்தில் ஓடினால், கால் ஊன்றும் ஒவ்வொரு முறையும் உடம்பு சுமார் 100 ஜூல் ஆற்றலை இழந்து திரும்பப் பெற வேண்டியிருக்கிறது. அதில் 35 ஜூல் குதிநாணிலும் 17 ஜூல் பாதத்தின் வளைவிலும் சேமிப்பாகிறது என்று கணக்கிட்டார்கள். பாதிக்கு மேல்! தசைநாண் வாங்கியதில் 90 விழுக்காட்டுக்கு மேல் திருப்பிக் கொடுத்துவிடும் நல்ல கடன்காரன்.

ஜாகிங்கிலும் இதே ஸ்பிரிங்தான், வேகமான ஓட்டத்திலும் இதேதான். அப்படியானால் இரண்டுக்கும் நடுவில் மாறுவது எது? பாதம் தரையில் இருக்கும் நேரம். எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். நிதானமாக ஜாகிங் போகிறவரின் பாதம் ஒவ்வொரு முறையும் 0.3 வினாடி வாக்கில் தரையில் இருக்கும், முதல் தர நூறு மீட்டர் வீரரின் பாதம் உச்ச வேகத்தில் 0.1 வினாடிகூட இருக்காது. அந்தச் சின்ன இடைவெளிக்குள் அவர் முழு உடம்பையும் தாங்கி மேலே எறிந்தாக வேண்டும். வேக வீரர்கள் காலைக் காற்றில் படு வேகமாக வீசுகிறார்கள் என்றுதான் நாம் எல்லோரும் நினைப்போம். பீட்டர் வேயண்டும் சகாக்களும் 2000இல் வெளியிட்ட ஆய்வில் பார்த்தால், உச்ச வேகத்தில் காலை முன்னால் கொண்டுவர எடுக்கும் நேரம் வேகமானவருக்கும் மெதுவானவருக்கும் கிட்டத்தட்ட ஒன்றே. வித்தியாசம் தரையை எவ்வளவு பலமாக உதைக்கிறார்கள் என்பதில் இருந்தது.

இதிலிருந்து இன்னொரு புதிரும் அவிழ்கிறது. ஐந்து கிலோமீட்டரை ஜாகிங்காகப் போனாலும் விரட்டி ஓடினாலும் செலவாகும் ஆற்றல் ஏறக்குறைய ஒன்றுதான், ஒரு கிலோ எடைக்குக் கிலோமீட்டருக்கு ஒரு கிலோகலோரி, 60 கிலோ ஆளுக்கு மொத்தம் 300. ஏன் என்றால், 1990இல் ராஜர் கிராமும் ரிச்சர்ட் டெய்லரும் காட்டியபடி, ஓட்டத்தின் செலவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்தத் தரைநேரம்தான். நேரம் குறையக்குறைய, சீக்கிரம் விசை கொடுக்கும் ஆனால் எரிபொருளை அள்ளிக் குடிக்கும் தசை இழைகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. ஒரு நிமிடத்துக்கான செலவு ஏறுகிறது, ஓடி முடிக்கும் நிமிடங்கள் குறைகின்றன, ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடுகிறது. (பிளாஸ்டிக் சட்டை போட்டுக்கொண்டு ஓடினால் கொழுப்பு வியர்வையாக உருகி வழியும் என்று நம்புகிறவர்களுக்கு: வழிவது தண்ணீரும் உப்பும். இரண்டு சொம்பு தண்ணீர் குடித்ததும் எடை வீட்டுக்குத் திரும்பிவிடும், நடுவில் மயங்கி விழாமல் இருந்தால்.)

அதே டெய்லர், டெரன்ஸ் டாசனோடு சேர்ந்து 1973இல் கங்காருவை ட்ரெட்மில்லில் தாவவிட்டு ஆக்சிஜனை அளந்தவர். வேகம் கூடியும் அதன் ஆக்சிஜன் செலவு கூடவில்லை, தசைநாண்களின் வேலைதான் அது என்று சந்தேகம் வந்தது. இன்றைக்கு ஒருவர் "கங்காருவை ஓடவிட வேண்டும், பணம் கொடுங்கள்" என்று விண்ணப்பம் போட்டால், 'இதனால் சமூகத்துக்கு என்ன பயன்' என்ற கட்டத்தை நிரப்பச் சொல்லியே ஆளைத் துரத்திவிடுவார்கள் என்பது என் எரிச்சல். பயனைத் தெரிந்துகொண்டுதான் ஆராயலாம் என்றால் எதற்கு ஆராய்வது?

அப்புறம், வாசகருக்கு ஒரு எச்சரிக்கை. மிக மெதுவாக, முழங்காலை மடக்கியே தத்தித் தத்திப் போனால், இரண்டு பாதமும் அந்தரத்தில் இருக்கும் கணமே இல்லாமல் போகலாம், ஆனாலும் ஸ்பிரிங் வேலை செய்துகொண்டிருக்கும். வேகமாகப் போகும் யானையும் கிட்டத்தட்ட இப்படித்தான், அது ஓடுகிறதா நடக்கிறதா என்பதே ஆய்வாளர்களுக்குள் பெரிய விவாதம். தம்பி இந்தப் பக்கம் வந்து மடக்கினால் கொஞ்சம் சிக்கல்.

சோதித்துப் பார்க்க ஒரு கைபேசி போதும். வினாடிக்கு 240 பிரேம் எடுக்கும் ஸ்லோமோஷனில் காலை மட்டும் பக்கவாட்டில் படம் பிடித்து, பாதம் தரையைத் தொட்டதிலிருந்து விடும் வரை எத்தனை பிரேம் என்று எண்ணுங்கள். 24க்குக் கீழே என்றால் உங்களை ஒலிம்பிக்கில் பார்க்கலாம். எனக்கு 71 வந்தது.