பாடத் தலைப்பை மறைத்துவிட்டுக் கணக்குக் கொடுங்கள்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயில் பாதை 46 கிலோமீட்டர். ஏறச் சுமார் 5 மணி நேரம், இறங்கச் சுமார் 3½ மணி நேரம். போய்வர ரயிலின் சராசரி வேகம் என்ன? கோத்தகிரிப் பக்கம் கணக்கு ஆசிரியையாக இருக்கும் நான் எட்டாம் வகுப்பில் வழக்கமாகக் கேட்கும் கேள்வி இது. நல்ல மதிப்பெண் வாங்கும் பிள்ளைகள்கூட ஏறும் வேகம் 9.2, இறங்கும் வேகம் 13.1, இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 11.2 என்று எழுதிவிடுவார்கள். மொத்தத் தூரம் 92 கிலோமீட்டர், மொத்த நேரம் 8½ மணி. விடை சுமார் 10.8.

கூட்டல், வகுத்தல் எல்லாம் அவர்களுக்கு நன்றாகவே வரும். எதை எதால் வகுப்பது என்று யோசித்து முடிவெடுக்கத்தான் வாய்ப்பே கிடைப்பதில்லை. தனிவட்டிப் பாடத்தின் பயிற்சியில் இருபது கணக்கு இருந்தால் இருபதும் தனிவட்டிதான். கேள்வியைப் படிக்காமலே ஃபார்முலாவில் எண்களைப் போட்டுவிடலாம்.

ரோரர், டெய்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2007-இல் இதைச் சோதித்தார்கள். கன அளவுக் கணக்குகளை ஒரு குழுவுக்கு வகை வகையாகப் பிரித்தும், இன்னொரு குழுவுக்குக் கலந்தும் கொடுத்தார்கள். பயிற்சியின்போது பிரித்துச் செய்தவர்கள் 89 சதவீதம், கலந்து செய்தவர்கள் 60. ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முதல் குழு 20, இரண்டாம் குழு 63! வகுப்பில் எல்லாரும் சரியாகப் போடுகிறார்கள், பரீட்சையில் மட்டும் ஏன் கோட்டை விடுகிறார்கள் என்று நாம் புலம்புவதற்கு இதில் பெரிய விளக்கம் இருக்கிறது.

அதற்காக, முதல் நாளே 'நீயே கண்டுபிடி' என்று விட்டுவிடச் சொல்லவில்லை. இயற்கணிதம் புதிதாகக் கற்பவர்களுக்கு, செய்து காட்டிய கணக்குகளைப் படிப்பது தானே முட்டி மோதுவதைவிட அதிகம் உதவுகிறது என்று ஸ்வெல்லரும் கூப்பரும் 1985-இலேயே காட்டினார்கள். புதிய பாடமா, நான்கைந்து கணக்கை ஸ்டெப் ஸ்டெப்பாகப் போட்டு, ஒவ்வொரு ஸ்டெப்பும் ஏன் என்று சொல்லுங்கள். அப்புறம் கடைசி ஸ்டெப்பை விட்டுவிடுங்கள், பிறகு பாதியை. கை பழகியதும் பழைய பாடக் கணக்குகளோடு கலந்துவிடுங்கள்.

கலந்த கணக்குக்குப் புத்தகம் தேட வேண்டியதில்லை. பச்சைத் தேயிலை 42 கிலோ, ஈரத்துக்கு 5 சதவீதக் கழிவு, கிலோ 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், கையில் எவ்வளவு வரும் என்று ஏழாம் வகுப்பில் கேட்டேன். பெரும்பாலோர் எடையில் கழித்து 39.9 கிலோவை 20-ஆல் பெருக்கினார்கள். சிறு தேயிலை விவசாயி வீட்டுப் பெண் ஒருத்தி, "டீச்சர், 840 ரூபாயில 42 ரூபாய் கழிச்சாலும் அதே 798தான்" என்றாள். சரி, சாக்கு எடை 2 கிலோவையும் கழிக்க வேண்டும், எதை முதலில் கழிப்பீர்கள் என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றேன். கொஞ்ச நேரம் ஒரே சத்தம். சாக்கை முதலில் கழித்தால் 38 கிலோ. ஈரத்தை முதலில் கழித்தால் 37.9. "அப்ப சாக்குக்கும் சேர்த்து நம்மகிட்ட ஈரம் கழிக்கிறாங்க!" என்றான் கடைசி பெஞ்சுப் பையன். சதவீதத்துக்கும் நேரடிக் கழித்தலுக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாக என்னால் கரும்பலகையில் எழுதியிருக்க முடியாது. ஆனால் சதவீதம் ஏற்கெனவே கைவந்த வகுப்பு என்பதால்தான் அந்த விவாதம் நடந்தது.

சக ஆசிரியர்களுக்கு: வாரத்தில் ஒரு நாள், தலைப்பில்லாத ஐந்து கணக்கு போதும், ஐந்தும் வெவ்வேறு பாடத்திலிருந்து. விடை வேண்டாம், எந்த வழியில் போடுவாய், ஏன் என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண் முதலில் குறையும். பெற்றோரிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெற்றோருக்கு: பிள்ளை கணக்கில் முட்டி நிற்கும்போது உடனே வழியைச் சொல்லாதீர்கள், கைடையும் திறக்காதீர்கள். என்ன கேட்டிருக்கிறார்கள், உனக்கு என்ன தெரியும் என்ற இரண்டை மட்டும் கேட்டுவிட்டு, பத்து நிமிடம் காத்திருங்கள்.