நுண்பால்மம்: பால் இல்லாத பால்மம்

திருநெல்வேலிச் சொதிக்குத் தலைப்பாலைக் கடைசியில்தான் ஊற்றுவார்கள். ஊற்றியபின் கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். தேங்காய்ப்பால் என்பது நீரில் எண்ணெய்த் துளிகள் பரவி நிற்கும் எமல்ஷன். அந்தச் சொல்லின் வேரும் ‘கறந்தெடுத்தல்’ எனப் பொருள்படும் இலத்தீன் வினைதான். பால்மம் என்ற தமிழ்ச்சொல் அதற்குக் கச்சிதம்.

வம்பு மைக்ரோஎமல்ஷனில். 1943இல் ஹோர், ஷூல்மன் என்ற வேதியியலாளர்கள் விவரித்த எண்ணெய்-நீர்க் கலவைக்கு 1959இல்தான் இந்தப் பெயர் வந்தது. துளியோ சுமார் 10 முதல் 100 நானோமீட்டர், ஒரு மைக்ரோமீட்டர் என்பது 1000 நானோமீட்டர்; ‘மைக்ரோ’ பொய். கண்ணாடிபோல் தெளிந்திருக்கும், பாலும் பொய். தானாகவே உருவாகும், வெப்பநிலையும் சேர்மானமும் மாறாதவரை பிரியாது. ‘நுண்’ எந்த அளவையும் குறிக்காததால் நுண்பால்மம் முதல் பொய்யிலிருந்து தப்பிவிடுகிறது.

துளிக்குள் எவ்வளவு நீரோ எண்ணெயோ ஏறும் என்பது சொலுபிலைசேஷன். வெறும் ‘கரைதல்’ என்றால் உப்பு கரைவதோடு குழம்பும், ‘உட்கரைப்பு’ தேவலை.

எண்ணெயில் நீர்த்துளி நிற்கும் நுண்பால்மத்தில் உட்கரைப்புக்கு இரண்டு தடைகள். துளியைச் சுற்றி நிற்பது சர்ஃபாக்டன்ட் படலம்; சர்ஃபாக்டன்ட் என்பது நீரையும் எண்ணெயையும் இணைக்கும் சோப்பு போன்ற பொருள். அந்தப் படலம் அதிகமாக வளைய விரும்பினால் துளி பெரிதாகாது, மிஞ்சிய நீர் அடியில் தங்கும். படலம் நெகிழ்ந்தால் துளிகள் பெரிதாகும், ஆனால் ஒன்றையொன்று ஈர்த்துப் பிரியும். இரண்டு சர்ஃபாக்டன்டுகளைக் கலந்து இந்த வளைவைச் சரிக்கட்டலாம். ஏதோ ஒரு விகிதத்தில் உட்கரைப்பு உச்சம் தொடும், தாண்டினால் சரியும். வெயிலுக்கும் இது உதவும்: சூடு ஏறினால் மின்னேற்றம் இல்லாத அயனியில்லா வகை நீர்நாட்டம் இழக்கும், மின்னேற்றமுள்ள அயனி வகைக்கு அது கூடும், சேர்ந்தால் ஈடாகும். எதிர்மின், நேர்மின் வகைகளைச் சரிசமமாகக் கலந்தால் மட்டும் பெரும்பாலும் வீழ்படிவுதான்.

விகிதத்துக்குத் தொடக்கப்புள்ளி, 1949இல் கிரிஃபின் தந்த எச்எல்பி எண்; ஒரு சர்ஃபாக்டன்டின் நீர்நாட்டத்துக்கும் எண்ணெய்நாட்டத்துக்கும் உள்ள சமநிலையை அது சொல்லும், எண் கூடினால் நீர்நாட்டம் கூடுதல். ட்வீன் 80, ஸ்பான் 80 இரண்டும் அயனியில்லா சர்ஃபாக்டன்டுகள்; ட்வீன் 80க்கு 15, ஸ்பான் 80க்கு 4.3, எச்எல்பி 10 வேண்டுமென்றால் எடையில் 53:47. அதற்குமேல் சோதனைக்குழாய்தான் கதி.

வாழைக்கு அடிக்கும் வேப்பெண்ணெய்க் கரைசல், லிட்டருக்கு 30 மில்லி, நுண்பால்மம் அல்ல, வெறும் பால்மம். முதலில் எண்ணெயைச் சோப்புக் கரைசலில் குழைத்துவிட்டு, பிறகு நீரைச் சிறுகச் சிறுக ஊற்ற வேண்டும். உப்புத்தண்ணி போர்வெல்லானால் சுண்ணாம்பு சோப்பைத் திரிக்கும், எண்ணெய் மேலே மிதக்கும், இலை கருகும். அங்கே அயனியில்லா வகையே கைகொடுக்கும்.