அலாரம் ‘ஆஃப்’ ஆனால் ஓட வேண்டும்

வெளிநாட்டு மருத்துவமனைகளுக்குப் பணிக்குச் செல்லும் செவிலியர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பது என் தொழில். என்னிடம் படித்து, பிரிட்டனில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்த மாணவி ஒருவர், அங்கே முதல் மாதத்தில் நேர்ந்ததைத் தொலைபேசியில் சொன்னார். இரவுப் பணியின்போது மூத்த செவிலியர் ஒருவர் எதிரே வந்து, கடைசித் தனியறையில் உள்ள நோயாளிக்குச் சொட்டு மருந்து செலுத்தும் பம்ப்பின் அலாரம் ‘கான் ஆஃப்’ என்று சொல்லிவிட்டு வேறொரு நோயாளியைப் பார்க்க விரைந்திருக்கிறார். அலாரம் நின்றுவிட்டது, இனிக் கவலையில்லை என்று எண்ணிய நம் மாணவி, கையிலிருந்த வேலையை முடித்த பிறகே அங்கே போயிருக்கிறார். அலாரம் அடிக்கிறது, போய்ப் பார் என்பதுதான் அந்த மூத்தவர் சொன்னது. சொட்டு மருந்துப் பை காலியாகியிருந்ததைத் தவிர வேறு தீங்கில்லை என்றாலும், அன்றிரவு முழுவதும் அவருக்குக் கை நடுக்கம் அடங்கவில்லையாம்.

இதில் அவருடைய ஆங்கிலத்தைவிட நம்முடைய தமிழுக்கே பங்கு அதிகம் என்பேன். ஃபேனை ஆஃப் பண்ணு, லைட் ஆஃப் ஆயிடுச்சு என்று நாள்தோறும் பேசுகிறோம். ஆங்கிலத்தில் வினையோடு ஒட்டி வரும் அந்தச் சிறு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, வினையை விட்டுவிட்டு, அதன் இடத்தில் நம்முடைய ‘பண்ணு’வையும் ‘ஆகு’வையும் வைத்துவிட்டோம். ஆகவே ‘ஆஃப்’ என்றாலே அணைந்தது, நின்றது என்று நம் காது முடிவு செய்துவிடுகிறது. ‘கான் ஆஃப்’ என்பது ‘கோ ஆஃப்’ என்பதன் இறந்தகால வடிவம். ஆங்கிலத்தில் அதே ‘கோ ஆஃப்’ விளக்கைப் பற்றி வந்தால் அணைவது. பாலைப் பற்றி வந்தால் கெட்டுப்போவது. வெடிகுண்டைப் பற்றி வந்தால் வெடிப்பது. அலாரத்தைப் பற்றி வந்தால் அடிப்பது. நோயாளி உணவை விட்டு ‘கோ ஆஃப்’ ஆனார் என்றால் அவருக்குச் சாப்பாட்டில் நாட்டம் போய்விட்டது. ‘ஆஃப்’ என்பதன் வேர்ப்பொருள் விலகல் என்று வகுப்பில் சொல்லிப் பார்ப்பேன். மின்சாரம் விலகினால் விளக்கு அணைகிறது. பிடித்து வைத்திருந்த விசை விலகினால் வெடி வெடிக்கிறது, மணி அடிக்கிறது. நினைவில் வைக்க இது உதவும். ஆனால் எல்லா இடத்துக்கும் இது பொருந்தும் என்று நான் உறுதி கூறுவதில்லை.

நம் செவிலியர்களுக்குக் கடினமான ஆங்கிலம் எளிதாக இருக்கிறது, எளிய ஆங்கிலம்தான் கடினமாக இருக்கிறது. சளியை இருமி வெளியேற்றுவதைக் குறிக்கும் ‘எக்ஸ்பெக்டோரேஷன்’ என்ற சொல்லைப் பாடநூலில் படித்துத் தேர்வெழுதியவர், ஒரு முதியவர் சளியை ‘பிரிங் அப்’ செய்ததாகச் சொன்னால் திகைத்து நிற்கிறார். அதே ‘பிரிங் அப்’ வாந்தியையும் குறிக்கும். எது என்று கேட்டறிந்த பிறகுதான் குறிப்பேட்டில் எழுத வேண்டும். ‘த்ரோ அப்’ என்றால் ஐயமில்லை, வாந்திதான். வீக்கம் ‘கோ டவுன்’ ஆனால் வடிந்தது; வலி ‘கம் ஆன்’ ஆனால் தொடங்கியது; அடங்கிக் கிடந்த மூட்டுவலி ‘ஃப்ளேர் அப்’ ஆனால் மீண்டும் கிளம்பியது; வலிநிவாரணி ‘வேர் ஆஃப்’ ஆனால் அதன் வேகம் குறைந்துவிட்டது. மருத்துவர் பேசுவதும் இப்படித்தான்: மருந்து அட்டவணையில் எழுதித் தருவது ‘ரைட் அப்’, குப்பியிலிருந்து மருந்தை ஊசிக்குழலில் ஏற்றுவது ‘டிரா அப்’, செயற்கைச் சுவாசத்திலிருந்து சிறிது சிறிதாக விடுவிப்பது ‘வீன் ஆஃப்’. அறுவைக்குப் பின் நோயாளி ‘கம் ரவுண்ட்’ ஆனார் என்ற வரியை, அவர் வார்டைச் சுற்றி வந்தார் என்று ஒருவர் பொருள் கூறியபோது வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். மயக்கம் தெளிந்தது என்பதை அந்த இரண்டு சொற்களிலிருந்து அவர் எப்படி ஊகிப்பார் என்று பிறகுதான் எண்ணிப் பார்த்தேன்.

‘பாஸ் அவுட்’ பற்றித் தனியே சொல்ல வேண்டும். கல்லூரிப் படிப்பை முடித்தேன் என்ற பொருளில் இந்தியா முழுவதும் இதைச் சொல்கிறோம். இராணுவப் பயிற்சி நிறைவு அணிவகுப்புக்கு ‘பாஸிங் அவுட் பரேடு’ என்று பெயர். சென்னையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியிலும் அது நடக்கிறது. அந்த வழக்கைத் தவிர்த்தால், பிரிட்டனில் இன்று ‘பாஸ் அவுட்’ என்றதும் மனத்தில் தோன்றுவது மயங்கி விழுவது. 2018இல் கல்லூரியில் பாஸ் அவுட் ஆனேன் என்று நேர்முகத்தில் சொன்னால் கேட்பவர் புன்னகையோடு கடந்துவிடுவார். காலையில் குளியலறையில் பாஸ் அவுட் ஆனேன் என்று நோயாளி சொல்லும்போது அதை நாம் தவறவிட்டால் அப்படிக் கடந்துவிட முடியாது.

வினையும் சிறுசொல்லும் சேர்ந்த இந்தக் கூட்டுவினைகள் அயலாருக்குப் பெருந்தொல்லை என்பதைச் சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட தம் ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே குறிப்பிட்டிருக்கிறார். இவற்றுக்கு ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்ற பெயர் அதற்கு வெகு காலம் கழித்து, 1925இல் லோகன் பியர்சால் ஸ்மித் எழுதிய நூலின் வழியாகப் பரவியது. அந்தப் பெயரை ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் பதிப்பாசிரியர் ஹென்றி பிராட்லி தமக்குச் சொன்னதாக ஸ்மித்தே எழுதுகிறார். 1066இல் பிரெஞ்சு பேசிய நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் பிரெஞ்சும் இலத்தீனும் ஆங்கிலத்தின் மேல்மாடியில் குடியேறிவிட்டன. பாடநூலும் மருத்துவமும் அங்கிருந்து சொல்லெடுத்தன. வீட்டுப் பேச்சு பழைய எளிய சொற்களோடு கீழ்த்தளத்திலேயே தங்கிவிட்டது.

தமிழர்களுக்கு இது முற்றிலும் புதிய சங்கதி அன்று. சொல்லிவிட்டான், சொல்லிவைத்தான், சொல்லிப்பார்த்தான், சொல்லித்தொலைத்தான் என்ற நான்கிலும் ‘சொல்’ ஒன்றே. பின்னால் வரும் துணைவினைதான் செயலின் நிறத்தை மாற்றுகிறது. ‘தொலைத்தான்’ என்பதற்குத் தனியாக அகராதி பார்ப்பவருக்கு அங்கே எதுவும் தொலையவில்லையே என்ற குழப்பம்தான் மிஞ்சும். முழுவதையும் குடித்துவிடு என்பதில் ‘விடு’ செய்யும் வேலையை, ‘டிரிங்க் அப்’ என்பதில் ‘அப்’ செய்கிறது. இந்த ஒப்புமையைச் சொன்ன நாளில்தான் என் வகுப்பில் மனப்பாடம் குறைந்தது.

சொல் வரிசையிலும் ஒரு கண்ணி உண்டு. காயத்தில் போட்ட கட்டை அகற்றுவதற்கு ‘டேக் ஆஃப்’ என்கிறோம். கட்டு என்ற பெயர்ச்சொல் ‘ஆஃப்’புக்கு முன்னும் வரலாம், பின்னும் வரலாம். ஆனால் ‘இட்’ என்ற பிரதிப்பெயர் நடுவில்தான் வர வேண்டும்: ‘டேக் இட் ஆஃப்’. ‘டேக் ஆஃப் இட்’ என்பது பிழை. மாறாக, ஒருவரைக் கவனித்துக்கொள்வதில் ‘லுக் ஆஃப்டர் ஹிம்’ என்பதே சரி, ‘ஹிம்’ நடுவில் நுழையாது. முதலாவதில் சிறுசொல் வினையைச் சார்ந்த வினையடை, இரண்டாவதில் பெயருக்கு முன் நிற்கும் முன்னிடைச்சொல் என்று இலக்கணம் சொல்லும். காதும் அதையே சொல்லும். ‘டேக் இட் ஆஃப்’ என்பதில் அழுத்தம் ‘ஆஃப்’ மீது விழுகிறது, ‘லுக் அட் இட்’ என்பதில் ‘அட்’ கரைந்துபோகிறது. நாம் எல்லாவற்றையும் ஒரே அழுத்தத்தில் சொல்லிப் பழகியதால், வேகமாகப் பேசுபவரிடம் எதை உற்றுக் கேட்பது என்று தெரியாமல் தவிக்கிறோம்.

வேண்டாத இடத்தில் சிறுசொல்லைச் சேர்ப்பதும் நம் வழக்கம்தான். ‘டிஸ்கஸ் அபௌட்’ என்பதில் நம்முடைய ‘பற்றி’ ஒளிந்திருக்கிறது. சமாளிப்பதைச் சொல்லும் ‘கோப் அப் வித்’ என்பதில் ‘அப்’ தேவையில்லை. இவற்றால் நோயாளிக்கு ஆபத்து இல்லை என்பதால் நான் ஒருமுறை திருத்திவிட்டு விட்டுவிடுவேன்.

செவிலியர் உள்ளிட்ட மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஈடியில், கேட்டல் பகுதியின் தொடக்கத்தில் நோயாளியின் பேச்சைக் கேட்டுக் குறிப்பெடுக்க வேண்டும்; அங்கே மேற்சொன்ன வீட்டுமொழிதான் வரும். அதற்காக என் மாணவர்களை ‘அப்’புக்கு ஒரு பக்கம், ‘ஆஃப்’புக்கு ஒரு பக்கம் என்று நோட்டுப் போடச் சொல்கிறேன், ஆனால் வினையை மட்டும் எழுத அனுமதிப்பதில்லை. எது ‘கோ ஆஃப்’ ஆனது, அலாரமா, பாலா, விளக்கா என்று எழுவாயோடு சேர்த்து, அடுத்து செவிலியர் செய்ய வேண்டியதையும் ஒரு வரியில் எழுத வேண்டும். அந்த மாணவியின் நோட்டில் ‘ஆஃப்’ பக்கத்தின் முதல் வரியாக இப்போது இருப்பது: பம்ப் அலாரம், கான் ஆஃப், அடிக்கிறது, உடனே போ.