அருகம்புல் தரைக்கு ஐப்பசிதான் சோதனைக் காலம்

சித்திரை வந்ததும் வீட்டு முன்புறப் புல்தரையைப் பார்த்துப் பதறி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து, போதாக்குறைக்கு ஒரு கைப்பிடி யூரியாவும் வீசுகிறவர்கள் நிறைய. வெயிலுக்கு அருகம்புல் அவ்வளவாக அஞ்சுவதில்லை. அது தடுமாறுவது மேகம் மூடிக்கிடக்கும் ஐப்பசி, கார்த்திகையில். காரணம் இலைக்குள் இருக்கிறது.

காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சர்க்கரையாக்கும் வேலையில் ரூபிஸ்கோ என்ற நொதிக்கு முக்கியப் பங்கு. அதற்கு ஒரு குறை உண்டு. கரியமில வாயுவுக்குப் பதில் சில நேரம் ஆக்சிஜனைப் பிடித்துவிடும். அப்படிப் பிடித்ததைச் சரிக்கட்டவே செடி ஏற்கெனவே சேர்த்த கார்பனில் கொஞ்சம் இழக்க வேண்டும். வெப்பம் ஏற ஏற இந்த நஷ்டமும் ஏறும். நெல்லும் கோதுமையும் இதைச் சகித்துக்கொண்டுதான் வளர்கின்றன.

அருகு, கரும்பு, சோளம், கம்பு எல்லாம் வேறு வழி வைத்திருக்கின்றன. ஆக்சிஜன் பக்கமே போகாத இன்னொரு நொதி முதலில் கார்பனைப் பிடித்து, நான்கு கார்பன் கொண்ட சேர்மமாக்குகிறது. அந்தச் சேர்மம் இலை நரம்பைச் சுற்றியுள்ள செல்களுக்குப் போய், அங்கே கரியமில வாயுவை விடுவிக்கிறது. ரூபிஸ்கோ இருப்பது அந்தச் செல்களில். சுற்றிலும் கரியமில வாயு நிறைந்திருப்பதால் அது ஆக்சிஜனிடம் ஏமாறுவது அரிது. ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், ஸ்லாக் இருவரும் கரும்பு இலையில் இந்த வழியை ஆராய்ந்து 1966-இல் விளக்கினார்கள்.

இதனால், நீராவி வெளியேறும் இலைத்துளைகளை அதிகம் திறக்காமலே அருகால் உணவு தயாரிக்க முடிகிறது. ஒரு கிராம் வளர்ச்சிக்கு நெல் செலவழிக்கும் தண்ணீரில் ஏறக்குறையப் பாதி அதற்குப் போதும். ஆனால் கார்பனைப் பிடித்துக் கடத்துவதற்குக் கூடுதல் ஆற்றல் வேண்டும்; அது வருவது வெளிச்சத்திலிருந்து. வெயில் குறைந்தால் இந்த ஏற்பாடே சுமையாகிவிடும்.

வடகிழக்குப் பருவமழையில் வெளிச்சமும் குறைவு, தரையில் தண்ணீரும் தேங்கும். மண்ணின் காற்றிடைவெளிகள் நிரம்பி வேர் மூச்சுத் திணறும். அந்த நேரத்தில் யூரியாவாகப் போடும் தழைச்சத்தில் (நைட்ரஜனில்) ஒரு பகுதி மழையோடு கரைந்து கீழே இறங்கும். இன்னொரு பகுதியை மண் பாக்டீரியாக்கள் வாயுவாக்கிக் காற்றில் விடும். உரக்கடையில் கொடுத்த காசு போனதுதான் மிச்சம். புரட்டாசியிலேயே, களிமண் தரையென்றால் கூரான இரும்புக் கம்பியால் சாண் இடைவெளியில் நான்கு விரல் ஆழத்துக்குக் குத்தி மணல் தூவிவிடலாம். மழைமாதங்களில் புல்லைச் சற்று உயரமாகவே விட வேண்டும். கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தை வாங்க இலை வேண்டுமே. மார்கழிப் பனியில் இலை நெடுநேரம் ஈரமாகவே இருந்தால் பூஞ்சை வரும். மாலையில் தண்ணீர் விடாதீர்கள்.

சென்னைக் குளிர் அருகை உறங்கவைக்கும் அளவுக்கு இல்லை. வட இந்தியாவில் ஜனவரியில் இதே புல் பழுப்பேறி வளர்ச்சியை நிறுத்திவிடும். நமக்குப் பொங்கல் முடிந்து வெயில் திரும்பியதும் தரை தானாகவே வேகமெடுக்கும். உரம் போட மாசி, பங்குனி நல்ல நேரம். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. ஒரு சென்ட் புல்தரைக்கு ஒரு தடவைக்கு 400 கிராமே அதிகம். தூவியதும் தண்ணீர் பாய்ச்சிவிட வேண்டும்.

வெட்டுவதில்தான் பெரும்பாலோர் புல்லைக் கெடுக்கிறார்கள். நெடுநாள் வெட்டாத தரையில் புல்லை விலக்கிப் பாருங்கள்: மேலே மட்டும் பச்சை, அடியில் வெளிச்சம் படாத வெளிறிய தண்டு. அதை ஒட்ட வெட்டினால் உணவு தயாரிக்க இலையே மிஞ்சாது. தண்டில் சேர்த்துவைத்த மாவுச்சத்தைக் கரைத்துத்தான் மறுபடி துளிர்க்க வேண்டும். ஒரு தடவைக்கு உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். வெட்டிய துண்டுகள் மெல்லியதாக இருந்தால் அங்கேயே கிடக்கட்டும், மக்கி உரமாகும்.

கோடையில் தரை பச்சையாகவே இருக்க வேண்டுமென்றால் வாரத்துக்கு 25 மில்லிமீட்டர் மழைக்கு ஈடான தண்ணீர் வேண்டும். ஒரு சென்ட்டுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 1,000 லிட்டர். மொட்டைமாடி டேங்க் ஒன்று காலி. லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டில் இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. தண்ணீர் இல்லையென்றால் வைக்கோல் நிறத்துக்குப் போகட்டும், விடுங்கள். "அருகுபோல் வேரோடி" என்று மணமக்களை வாழ்த்துகிறோமே, அதற்கு அர்த்தம் இப்போது தெரியும். ஓடுதண்டு ஒன்றை இழுத்துப் பார்த்தால் கணுவுக்குக் கணு வேர் பிடித்திருக்கும். மண்ணுக்குள்ளும் தண்டுகள் ஓடும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நன்றாக நனைத்தால் அவை உயிரோடு இருக்கும். ஆடி, ஆவணி மாலை மழைகள் கிடைத்ததும் கணுக்களிலிருந்து பச்சை கிளம்பிவிடும். வெயிலும் மழையும் சேர்ந்துவரும் அந்த மாதங்களில் இன்னொரு முறை உரம் போடலாம்.

மாமரத்தடி மட்டும் எந்தப் பருவத்திலும் தேறாது. அங்கே அருகோடு மல்லுக்கட்டாமல், நர்சரியில் பஃபலோ கிராஸ் என்று விற்கும் அகல இலைப் புல்லை நட்டுவிடுங்கள்.